இரவல் ஒலியில் எழுந்த இசைத்தட்டு

1954-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள் இரவு. நியூயார்க் நகரத்துப் பிராட்வே வீதியில் 52-ஆம் தெருவை ஒட்டி அமைந்திருந்த 'பேர்ட்லண்ட்' என்னும் இசை விடுதியில் ஒரு நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பெற்றது. ஆர்ட் பிளேக்கி டிரம் வாசித்தார். கிளிஃபோர்டு பிரௌன் டிரம்பெட் ஊதினார். பியானோவில் ஹோரஸ் சில்வர் அமர்ந்திருந்தார். இசை தொடங்குமுன் விடுதியின் அறிவிப்பாளரான பீ வீ மார்க்கெட் என்பவர் மேடையேறி, இன்றிரவு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு, 'ப்ளூ நோட்' நிறுவனத்தார் நம்மைப் பதிவு செய்கின்றனர் என்று கீச்சுக்குரலில் முழங்கினார். உருவத்தில் மிகக் குள்ளமானவர் அவர். தமக்கு அன்பளிப்புத் தராத கலைஞரின் பெயரை மேடையில் வேண்டுமென்றே சிதைத்துச் சொல்லுவார் என்று அக்காலத்து இசைக் கலைஞர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அன்று அவர் பேசிய சில வாக்கியங்களும் இசையோடு சேர்ந்தே தட்டில் பதிந்துவிட்டன.

முப்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1993-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனைச் சேர்ந்த ஒரு புதிய குழுவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. குழுவின் பெயர் 'அஸ் த்ரீ'. தொகுப்பின் பெயர் 'ஹேண்ட் ஆன் த டார்ச்'. அதை ஓடவிட்டால் முதலில் நம் காதில் விழுவது மார்க்கெட்டின் அதே குரல்தான். அடுத்து ஒலிக்கும் பியானோவும் அக்குழுவினர் வாசித்ததன்று. 1964-இல் ஹெர்பி ஹான்காக் வாசித்தது. பிறருடைய குரலோடும் பிறருடைய வாசிப்போடும் தொடங்கும் இத்தட்டைப் புதிய இசை என்பதா, பழைய இசையின் மறுபதிப்பு என்பதா? எடுத்தாண்டவர்கள் கள்வர்களா, வாரிசுகளா? இக்கேள்வி அக்காலத்தில் நீதிமன்றம் வரை சென்ற கேள்வி. இத்தட்டின் வரலாறு அதற்கு ஒருவாறு விடையளிக்கிறது. முழு விடை அன்று என்பதையும் பின்னர்க் காண்போம்.

'ஆசிட் ஜாஸ்' என்பது இவ்வகை இசைக்கு வழங்கிய பெயர். ஆசிட் என்றவுடன் அமிலத்தை நினைத்து அஞ்ச வேண்டுவதில்லை. 1987, 1988-ஆம் ஆண்டுகளில் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் இயந்திர நடன இசை லண்டன் இளைஞரிடையே காட்டுத்தீபோலப் பரவியிருந்தது. பழைய ஜாஸ் தட்டுகளை ஓட்டி நடனமாட்டி வந்த கைல்ஸ் பீட்டர்சன், கிறிஸ் பேங்ஸ் ஆகிய இருவரும் அப்பெயரைக் கேலி செய்யும் முறையில், எங்களுடையது 'ஆசிட் ஜாஸ்' என்றனர். கேலிப் பெயர் நிலைத்துவிட்டது. 1987-இல் பீட்டர்சனும் எடி பில்லரும் அப்பெயரிலேயே ஓர் இசைத்தட்டு நிறுவனமும் தொடங்கினர். கேம்டன் பகுதியில் 'டிங்வால்ஸ்' என்னும் அரங்கு ஒன்று உண்டு. அங்கே ஞாயிறு பிற்பகல்களில் பீட்டர்சன் ஓட்டும் ஜாஸ் தட்டுகளுக்கு இளைஞர் கூட்டம் ஆடித் தீர்த்தது. அத்தட்டுகளுட் பல அவர்கள் பிறப்பதற்கு முன்னரே பதிவானவை. அமெரிக்காவில் விற்பனையிலிருந்து மறைந்துவிட்ட தட்டுகளைப் பழைய கடைகளில் துருவித் தேடி, பெரும்பொருள் கொடுத்து வாங்கி வருவது அவ்வட்டத்தில் ஒரு தவமாகவே இருந்தது. நாற்காலியில் அமர்ந்து தலையசைத்துக் கேட்கும் கலையாக ஒடுங்கிப் போயிருந்த ஜாஸ், கடல் கடந்த நாட்டில் மீண்டும் கால்களுக்கு உரியதாயிற்று.

அவர்கள் தேடிய தட்டுகளில் முதலிடம் பெற்றவை ப்ளூ நோட் நிறுவனத்தின் தட்டுகள். அந்நிறுவனத்தின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழும் நம்மவருக்கு அதில் ஒரு நெருக்கம் தோன்றினாலும் வியப்பில்லை.

ஆல்ஃபிரட் லயன் 1908-இல் பெர்லினில் பிறந்த யூதர். 1925-இல் சாம் உடிங் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் வாத்தியக் குழு பெர்லினுக்கு வந்தபோது, பதின்வயதினரான லயன் அவ்விசையைக் கேட்டு மெய்ம்மறந்தார். பின்னர் நாஜிகளின் ஆட்சியில் தாய்நாடு வாழத் தகாததாகிவிடவே, 1930-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் குடியேறினார். 1938 டிசம்பரில் கார்னெகி மன்றத்தில் நடந்த ஓர் இசை விழாவில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்னும் இரு பியானோக் கலைஞர்களைக் கேட்டார். இரண்டே வாரங்கள் கழிந்தன. 1939 ஜனவரி 6-ஆம் நாள் அவ்விருவரையும் ஒரு வாடகைக் கூடத்துக்கு அழைத்துச் சென்று பதிவு செய்தார். அதுவே ப்ளூ நோட்டின் தொடக்கம். மாக்ஸ் மார்குலிஸ் என்னும் எழுத்தாளர் பொருளுதவி செய்தார். அதே ஆண்டில் லயனின் பெர்லின் நண்பரான ஃபிரான்சிஸ் உல்ஃப் என்னும் புகைப்படக்காரர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து சேர்ந்தார். அகதிகளாக வந்த இரு ஜெர்மன் யூதர்கள், தம் புதிய நாட்டிலேயே மதிக்கப்படாதிருந்த கறுப்பின மக்களின் இசையைப் போற்றிக் காக்கும் பணியை மேற்கொண்டனர் என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

அவர்கள் செயல்பட்ட முறையும் தனி. விடுதிகளில் வாசித்து முடித்த கலைஞர்கள் விடியற்காலையில்தான் ஓய்வு பெறுவர். ஆதலால் தொடக்க நாட்களில் விடியுமுன்னரே பதிவு நடத்தி, அவர்களுக்கு உணவும் பானமும் அளித்தனர். பின்னாளில் பதிவுக்கு முன் ஒத்திகை பார்ப்பதற்கும் ஊதியம் வழங்கினர். மற்ற சிறு நிறுவனங்கள் ஒத்திகைக்குக் காசு கொடுப்பதைக் கனவிலும் கருதாத காலம் அது. 1953 முதல் ரூடி வான் கெல்டர் என்பவர் நியூஜெர்சி மாநிலத்தில் ஹேக்கன்சாக் என்னும் ஊரில் தம் பெற்றோரின் வீட்டு முன்னறையிலேயே இவர்களுக்காக ஒலிப்பதிவு செய்து வந்தார். பகலில் அவருக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் தொழில். 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னுமிடத்தில் தமக்கெனத் தனிக்கூடம் கட்டினார். வான் கெல்டரின் தெளிந்த ஒலியும், உல்ஃப் எடுத்த படங்களும், ரீட் மைல்ஸ் வரைந்த தட்டு உறைகளும் சேர்ந்து ப்ளூ நோட்டுக்கு ஒரு தனி முகத்தை அளித்தன. டிரம்மின் ஒவ்வோர் அடியும் பிரிந்து தெளிவாகக் கேட்கும் அவ்வொலிதான் பிற்காலத்தில் பழைய தட்டுகளை வெட்டி எடுத்தவர்களுக்கும் வாய்ப்பாக அமைந்தது.

எங்கிள்வுட் கிளிஃப்ஸ் கூடத்தில் 1964 ஜூன் 17-ஆம் நாள் நால்வர் கூடினர். பியானோவில் 24 வயது ஹெர்பி ஹான்காக், கார்னெட்டில் ஃபிரெடி ஹப்பர்ட், பாஸில் ரான் கார்ட்டர், டிரம்மில் டோனி வில்லியம்ஸ். வில்லியம்ஸுக்கு அப்போது வயது 18 மட்டுமே. அன்று பதிவான 'எம்பிரியன் ஐல்ஸ்' தொகுப்பில் 'கேண்டலூப் ஐலண்ட்' என்றொரு உருப்படி உண்டு. கேண்டலூப் என்பது நம் சந்தைகளில் கிடைக்கும் கிர்ணிப்பழந்தான். இதற்கு ஈராண்டுகளுக்கு முன் தர்பூசணி விற்பவனைக் குறிக்கும் 'வாட்டர்மெலன் மேன்' என்ற உருப்படியால் புகழடைந்தவர் ஹான்காக். பழங்களிடத்து அவருக்கு ஏதோ ஒரு பற்று இருந்திருக்க வேண்டும். கேண்டலூப் ஐலண்ட் பதினாறு தாள அளவுகளில் அடங்கும் சிறிய அமைப்பு. மூன்றே சுரக்கூட்டுகள். இடக்கையும் வலக்கையும் மாறி மாறி ஒரு சிறு சொற்கட்டுப்போல வாசிக்கும் பியானோ வரி முதலிலிருந்து இறுதிவரை திரும்பத் திரும்ப வரும். கேட்டவர் மறக்க இயலாத வரி. சுழன்று சுழன்று வருவதற்கென்றே பிறந்தது எனலாம்.

ப்ளூ நோட்டின் பொற்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1960-களின் நடுவில் அது லிபர்ட்டி என்னும் பெரிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1967-இல் லயன் ஓய்வு பெற்றார். 1971-இல் உல்ஃப் மறைந்தார். 1970-களின் இறுதியில் நிறுவனத்தின் உரிமை ஈ.எம்.ஐ. நிறுவனத்தாரிடம் சென்றது, பெயரளவில் உறங்கிக் கிடந்தது. 1985-இல் புரூஸ் லண்ட்வால் என்பவர் தலைமையேற்று அதற்கு மீண்டும் உயிரூட்டினார். அவ்வாண்டு நியூயார்க் டவுன் மன்றத்தில் நடந்த மறுதொடக்க விழாவுக்கு முதுமையடைந்த லயன் நேரில் வந்திருந்தார். 1987-இல் அவர் காலமானார். தாம் விட்டுச் சென்ற பெட்டகத்தை லண்டன் இளைஞர்கள் திறக்கப் போவதை அவர் கண்டிலர்.

இதற்கிடையே 'சாம்ப்ளர்' என்னும் கருவி பரவலாகிவிட்டது. இசைத்தட்டிலிருந்து ஒரு சிறு துணுக்கை எண்களாக மாற்றி நினைவில் இருத்திக் கொண்டு, வேண்டியபோது வேண்டிய தடவை ஒலிக்கச் செய்யும் கருவி அது. நான்கு நொடி பியானோவை எடுத்து ஒரு மணி நேரமும் சுழல விடலாம். அமெரிக்க நகரங்களின் இளைஞர்கள் இத்துணுக்குகளை அடித்தளமாக அமைத்து, அதன்மேல் தாளத்தோடு ஒட்டி எதுகை மோனையுடன் பேசும் 'ராப்' கலையை வளர்த்தனர். முதலில் எவரும் அனுமதி கேட்கவில்லை. தட்டுகள் விற்கத் தொடங்கியதும் வழக்குகள் எழுந்தன. பிஸ் மார்க்கி என்னும் ராப் கலைஞர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடலொன்றிலிருந்து துணுக்கை எடுத்தாண்ட வழக்கில், 1991 டிசம்பர் 17-ஆம் நாள் நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பளித்தார். களவு செய்தலாகாது என்னும் விவிலியக் கட்டளையையே தீர்ப்பின் முதல் வரியாக வைத்தார். அன்று முதல் துணுக்கு எடுப்போர் அனைவரும் வழக்கறிஞரைத் தேட வேண்டியவராயினர்.

இந்த அச்சம் சூழ்ந்த நேரத்தில்தான் நம் கதைக்குரிய இருவர் வருகின்றனர். ஜெஃப் வில்கின்சன் ஜாஸ் நிகழ்ச்சிகளை நடத்தியும் தட்டுகள் ஓட்டியும் வந்தவர். மெல் சிம்சன் கீபோர்டு வாசிப்பவர். சொந்தத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தவர். இருவரும் சேர்ந்து 'த பேண்ட் பிளேய்ட் த பூகி' என்றொரு சிறு தட்டை வெளியிட்டனர். அதன் அடித்தளம் ப்ளூ நோட் கலைஞரான கிராண்ட் கிரீன் என்பவரின் 'சூக்கி சூக்கி'. 1970-இல் நேவார்க் நகரில் ஒரு விடுதியில் கூட்டத்தின் ஆரவாரத்துக்கிடையே பதிவானது அது. அனுமதி எதுவும் பெறவில்லை. தட்டு நடன அரங்குகளில் நன்றாக ஓடிற்று. ஓடிய காரணத்தாலேயே உரிமையாளரின் செவிக்கும் எட்டிற்று. ப்ளூ நோட்டை அப்போது தன் குடைக்கீழ் வைத்திருந்த கேபிடல் நிறுவனம் இவர்களைத் தேடி வந்தது.

சட்டப்படி வழக்குத் தொடுத்திருக்கலாம், தொடுத்திருந்தால் வென்றுமிருக்கலாம். சிறு தட்டொன்றை விற்ற இருவரிடம் பெறக்கூடிய பணம் எவ்வளவு? நிறுவனத்தார் வேறு கணக்குப் போட்டனர். வழக்கைக் கைவிட்டு, ப்ளூ நோட்டின் பதிவுகள் முழுவதையும் எடுத்தாளும் உரிமையை அவ்விருவருக்கும் வழங்கி, அவர்கள் செய்யும் தொகுப்பைத் தாமே வெளியிடுவதாக ஒப்பந்தம் செய்தனர். திருடன் கையிற் சாவி கொடுத்தது என்பர் நம்மவர். இங்கே சாவி கொடுத்தபின் திருட்டே இல்லாமற் போயிற்று.

குழுவுக்கு இட்ட பெயரும் அப்பெட்டகத்திலிருந்தே எடுக்கப்பெற்றது. ஹோரஸ் பார்லன் என்னும் பியானோக் கலைஞர் 1960-இல் ப்ளூ நோட்டுக்காகச் செய்த தொகுப்பின் பெயர் 'அஸ் த்ரீ'. நாங்கள் மூவர் என்று பொருள். ரஹ்சான் கெல்லி, கோபி பவல் ஆகியோர் ராப் சொன்னார்கள். டக்கா யூட் என்பவர் ஜமைக்காத் தீவுக்குரிய பேச்சுப் பாணியில் பாடினார். அவர் பெயரால் அமைந்த உருப்படியில் கிரீனின் சூக்கி சூக்கி மீண்டும் வருகிறது, இம்முறை முறையான அனுமதியோடு. 'லெவன் லாங் இயர்ஸ்' என்பதில் ஹோரஸ் சில்வரின் 'சாங் ஃபார் மை ஃபாதர்' ஒலிக்கிறது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து குடியேறிய தம் தந்தையை நினைந்து சில்வர் 1964-இல் பதிவு செய்த இசை அது.

தொகுப்பின் தலைமை உருப்படி 'கேண்டலூப்'. ஹான்காக்கின் தலைப்பில் ஓர் எழுத்துச் சிலேடை செய்து, சுழல் என்னும் பொருள்படும் 'லூப்' என்ற சொல்லை உள்ளே நுழைத்துவிட்டனர். மார்க்கெட்டின் அறிவிப்பு முடிந்ததும் பியானோ வரி சுழலத் தொடங்குகிறது. கனத்த புதிய தாளம் சேர்கிறது. கெல்லியின் சொல்வரிகள் அதன்மேல் ஏறி வருகின்றன. இடையில் டிரம்பெட் எழுகிறது. அது பழைய தட்டிலிருந்து வெட்டியதன்று. இருபது வயதை எட்டிய ஜெரார்டு பிரசென்சர் என்னும் ஆங்கிலேய இளைஞர் கூடத்தில் நின்று வாசித்தது. என் கருத்தில் இத்தட்டின் உயிர் அங்கேதான் உள்ளது. வெறுந் துணுக்குகளால் அமைந்த மாலையாயிருந்தால் ஒரு பருவத்தில் வாடிப்போயிருக்கும். பழைய பியானோவுக்கு ஓர் இளைஞர் அந்த நொடியில் பதில் சொல்லுகிறார். ஜாஸ் என்பது அடிப்படையில் இத்தகைய பதில் சொல்லுதல்தானே.

விற்பனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேண்டலூப் 1994-இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'பில்போர்டு' பட்டியலில் 9-ஆம் இடத்தை எட்டிற்று. ஹேண்ட் ஆன் த டார்ச் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் என்னும் எல்லையைக் கடந்து 'பிளாட்டினம்' சான்று பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ப்ளூ நோட் வரலாற்றில் அச்சான்று பெற்ற முதல் தொகுப்பு இதுவே. மங்க், சில்வர், பிளேக்கி முதலிய மேதைகளின் தட்டுகளுக்குக் கிட்டாத எண்ணிக்கை, அவர்களுடைய ஒலியை எடுத்துக் கோத்த தட்டுக்குக் கிட்டியது. இதனைப் பெருமை என்பதா, முரண் என்பதா என்று ஜாஸ் அன்பர்கள் வாதிட்டனர். இரண்டும் உண்மையே.

வாதத்தின் உள்ளே கிடப்பது பணம். ஓர் இசைத்தட்டில் இருவகை உரிமைகள் உண்டு. பதிவுக்குரிய உரிமை நிறுவனத்தைச் சார்ந்தது. இசையமைப்புக்குரிய உரிமை இயற்றியவரைச் சார்ந்தது. கேண்டலூப் உருப்படியில் ஹான்காக்கின் பெயர் இயற்றியோர் வரிசையில் இடம் பெற்றது. அவருக்குரிய பங்கும் சென்றது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1962-இல் ஹான்காக் தம் முதல் தொகுப்பைச் செய்யவிருந்தபோது, அவரைச் சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்கு அழைத்து வந்த டிரம்பெட் கலைஞர் டொனால்டு பேர்ட் அவருக்கு ஓர் அறிவுரை கூறினார். இயற்றிய இசையின் வெளியீட்டுரிமையை நிறுவனத்தார் கேட்பார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்காதே என்பது அவ்வறிவுரை. ஹான்காக் தயங்கித் தயங்கியே என் இசை முன்பே என் சொந்த வெளியீட்டகத்துக்கு உரியதாகிவிட்டது என்று கூறினார். லயனும் உல்ஃபும் இறுதியில் இசைந்தனர். நல்லவர்களாகிய அவ்விருவரும் அந்தத் தொழில் வழக்கத்துக்கு விலக்கானவர் அல்லர் என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. 1963-இல் மாங்கோ சாண்டமரியா வாட்டர்மெலன் மேனை வாசித்துப் புகழ் பெறச் செய்தபோதே அவ்வறிவுரையின் பயன் ஹான்காக்குக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அந்த நான்கு நொடித் துணுக்கில் பியானோ மட்டுமா ஒலிக்கிறது? ரான் கார்ட்டரின் பாஸும் டோனி வில்லியம்ஸின் டிரம்மும் அதில் கலந்தே உள்ளன. அன்று கூடத்துக்கு வந்து வாசித்ததற்குரிய ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு போன கலைஞருக்கு இயற்றியவர் என்னும் உரிமை கிடையாது. கிராண்ட் கிரீனின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. அவர் 1979-இல் தம் 43-ஆம் வயதில் இறந்துவிட்டார். சூக்கி சூக்கியை இயற்றியோர் டான் கோவேயும் ஸ்டீவ் கிராப்பரும். ஆதலால் இயற்றியவர் பங்கு அவர்களைச் சேரும். எந்தக் கலைஞரின் வாசிப்பு லண்டன் இளைஞரை மயக்கியதோ, எந்த வாசிப்பிலிருந்து இக்கதை முழுவதும் தொடங்கியதோ, அந்த வாசிப்புக்கு இயற்றியவர் கணக்கில் இடமில்லை. நிறுவனத்தின் பெருந்தன்மை திருட்டு என்னும் பழியை நீக்கியது; இந்தப் பழைய கணக்கை அது நேர் செய்யவில்லை. அது சாம்ப்ளர் கருவி வருவதற்கு முன்பே கோணலாக எழுதப்பட்ட கணக்கு.

ரான் கார்ட்டரைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் உண்டு. 1991-இல் 'எ டிரைப் கால்டு குவெஸ்ட்' என்னும் நியூயார்க் ராப் குழுவினர், பழைய தட்டிலிருந்து அவருடைய பாஸை வெட்டுவதற்குப் பதிலாக அவரையே கூடத்துக்கு அழைத்து, 'த லோ எண்ட் தியரி' தொகுப்பில் ஓர் உருப்படிக்கு வாசிக்கச் செய்தனர். துணுக்கைக் காட்டிலும் கலைஞரையே நாடிய அவ்வழி மிகவும் நல்லது. ஆயினும் இறந்தவர்களை அழைக்க இயலாதல்லவா?

அஸ் த்ரீயின் இரண்டாம் தொகுப்பு 1997-இல் வந்தது. 'பிராட்வே அண்ட் 52ண்ட்' என்பது அதன் பெயர்; மார்க்கெட் முழங்கிய அந்த விடுதி நின்ற இடத்தின் முகவரி. முதல் தொகுப்பின் வெற்றி அதற்கு வாய்க்கவில்லை. சிம்சன் பின்னர் விலகினார். வில்கின்சன் அப்பெயரிலேயே தொடர்ந்து இயங்கினார். ப்ளூ நோட் நிறுவனமோ பெட்டகத்தைப் பூட்டிவிடவில்லை. 2003-இல் மேட்லிப் என்னும் கலிஃபோர்னியக் கலைஞருக்கும் அதைத் திறந்து, 'ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ' என்னும் தொகுப்பை வெளியிட்டது.

இவ்விசையைக் கேட்க விரும்பும் அன்பர்கள் 1964-இன் கேண்டலூப் ஐலண்டை முதலிலும், 1993-இன் கேண்டலூப்பை அடுத்தும் கேட்பது நன்று. முன்னதில் ஹப்பர்ட் கார்னெட்டை எடுத்து விரிவாக வாசிக்கும்போது பின்னணியில் வில்லியம்ஸின் டிரம்மைக் கவனியுங்கள். பின்னதில் பிரசென்சர் நுழையும் இடம் வந்ததும், அவருக்கு அடியில் அதே பதினெட்டு வயதுச் சிறுவனின் கை அடித்துக்கொண்டிருப்பது கேட்கும்.